பல வருஷம் நின்ற பழைய புல்லட்: அறிகுறி பார்த்துக் கைவைக்கும் முறை

ஷெட்டில் சாக்கு மூடிக் கிடந்த புல்லட்டை வெளியே தள்ளியதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், தூசியைக்கூடத் தட்டாமல் கிக்கரில் ஏறி நிற்பது. பக்கத்தில் நான்கு பேர் வேடிக்கை பார்த்தால் கேட்கவே வேண்டாம். நான் இதுவரை கைவைத்த ஒன்பது வண்டிகளில் மூன்றுக்குப் பெரிய சேதம் நடந்தது அந்த முதல் அரை மணி நேரத்தில்தான். அதில் ஒன்று என் மாமாவுடையது. மிதித்தது நான்.

இங்கே சொல்வது இரும்பு சிலிண்டர் 350 சிசி புல்லட் பற்றி. 1955இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் செய்த அதே வண்டி: 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வலது காலில் கியர், பாயிண்ட் இக்னிஷன் (பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச் மூடித் திறந்து தீப்பொறி தரும் முறை). பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட வண்டிக்குத் தீப்பொறிப் பகுதி பொருந்தாது, மற்றது பொருந்தும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப், நைஸ் உப்புத்தாள், ஒரு கட்டு பனியன் வேஸ்ட், புது 20டபிள்யூ50 ஆயில். பெட்ரோல் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

கிக்கரைத் தொடும் முன்

பிளக்கைக் கழற்றி விடுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். எலி அங்கே பஞ்சும் வைக்கோலும் கொண்டுவந்து குடித்தனம் நடத்தியிருக்கும். சைலன்சர் வாயில் டார்ச் அடித்துக் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் வயரை எலி கடித்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டேங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். வார்னிஷ் போல மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், அந்தப் பெட்ரோலில் கொஞ்சம் புதுசு கலந்து ஓட்டிப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

அடுத்தது ஆயில். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தொட்டிக்கு ஒரு வடிபோல்ட், கிராங்க் அறைக்கு ஒரு வடிபோல்ட் உண்டு. இரண்டையும் திறந்து வடியுங்கள். நின்ற வண்டியில் தொட்டி ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் போய்த் தேங்கியிருக்கும். அதனால் ஆயில் மூடியில் இருக்கும் குச்சி காய்ந்திருந்தால் ‘ஆயிலே இல்லை’ என்று மேலே ஊற்றிவிடாதீர்கள். முதலில் கீழே திறந்து பாருங்கள்.

அறிகுறி 1: கிக்கர் இறங்கவே மறுக்கிறது

உடனே ‘எஞ்சின் ஜாம்’ என்று முடிவு கட்ட வேண்டாம். மெயின் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைச் சுற்றுங்கள்.

*நியூட்ரலிலும் சக்கரம் சுற்றவில்லை என்றால்:* பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது, அல்லது செயின் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. இதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை.

*சக்கரம் சுற்றுகிறது என்றால்:* டாப் கியரில் போட்டு, பிளக் கழற்றிய நிலையில், சக்கரத்தை முன்னால் மெதுவாகத் தள்ளுங்கள். கியர் விழவில்லை என்றால் சக்கரத்தை ஆட்டிக்கொண்டே லீவரை அழுத்த வேண்டும். பிளக் துளையில் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவைத் தளர்வாக நுழைத்துப் பிடித்தால் பிஸ்டன் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். பிஸ்டன் நகர்ந்தால் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது. பிடித்திருப்பது கியர்பாக்ஸில் உள்ள கிக்கர் பல்லோ ஸ்பிரிங்கோதான். கொஞ்ச நாளைக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்தே சமாளிக்கலாம்.

*டாப் கியரில் சக்கரமும் நகரவில்லை, பிஸ்டனும் நகரவில்லை என்றால்:* பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கிறது. இரும்பு சிலிண்டருக்கு இது சாதாரணம். டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுவது) பாதிக்குப் பாதி கலந்து, பிளக் துளை வழியாக ஒரு டீ கிளாஸ் அளவு ஊற்றுங்கள். பிளக்கைச் சும்மா விரலால் திருகி மூடிவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். தினமும் ஒரு தடவை வந்து, டாப் கியரில், சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். ஊற்றியது குறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் பிடி விடுவதும் உண்டு. கிணற்று மோட்டார் அறையில் ஈரத்திலேயே நின்ற ஒரு வண்டி பத்தொன்பது நாள் எடுத்தது. பதினெட்டாம் நாள் வரை துளிகூட அசையவில்லை.

கிக்கரில் ஏறிக் குதிப்பது, கிக்கரில் பைப் மாட்டி அழுத்துவது, கியரில் போட்டு வண்டியை ஆட்டோவில் கட்டி இழுப்பது — இந்த மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் ஏதாவது ஒன்று உடைந்தது. பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டுப் பிஸ்டனைத் தட்டுபவர்களும் உண்டு. பிஸ்டன் தலை அலுமினியம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சின் விட்டபிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஊற்றிய டீசலில் பாதி கிராங்க் அறைக்குப் போயிருக்கும். கீழ் போல்ட்டைத் திறந்து மறுபடி வடித்தே ஆக வேண்டும்.

மூன்று வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் லேத் பட்டறை வேலை. சிலிண்டரோடு ஹெட்டைக் கழற்றத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டும் செலவுக்கும் தயாராக இருங்கள்.

அறிகுறி 2: கிக்கர் காற்றில் மிதிப்பதுபோல் இறங்குகிறது

கம்ப்ரஷன் இல்லை என்பதன் அடையாளம் இது. ஆனால் காரணம் பல சமயம் ஒரு கேபிளில் முடிந்துவிடும்.

முதலில் டீகம்ப்ரஷர், அதாவது லீவரை இழுத்தால் சிலிண்டர் காற்றை வெளியே விடும் சின்ன வால்வ். அதன் கேபிள் துருப்பிடித்து இழுத்தபடியே நின்றிருந்தால் காற்று வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். கேபிளை ஹெட்டில் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். அடுத்தது டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் கம்பியான புஷ்ராடின் இடைவெளியைச் சரிசெய்யும் இடம். எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, பக்கத்து மூடியைத் திறந்து, புஷ்ராடை விரலால் உருட்டிப் பாருங்கள். உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. உருளவே இல்லை என்றால் வால்வ் முழுசாக உட்காரவில்லை, டேப்பட்டைத் தளர்த்த வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால், பிளக் துளையில் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பத்துத் தடவை மெதுவாக மிதித்து, பிளக்கை மாட்டிப் பாருங்கள்.

ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் வந்துவிட்டதா? ரிங் காய்ந்து கிடக்கிறது. வண்டி ஓடி நூறு கிலோமீட்டர் போகும் வரை ரிங்கைப் பற்றிப் பேச வேண்டாம். பாதி வண்டிகளில் ரிங் தானாக விட்டுவிடும். இதைப் பொறுமையாகச் சொல்லும் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இதே நிலையில் இருந்த வண்டியை அன்றைக்கே பிரித்துப் போட்டார். அது மறுபடி ஒன்றுசேர ஒன்றரை வருஷம் ஆனது.

ஆயில் விட்டும் மாற்றமே இல்லையா? வால்வ் திறந்தபடி ஒட்டியிருக்கிறது, அல்லது அது உட்காரும் இடத்தில் துரு. மிதிக்கும்போது கார்பரேட்டர் வாயில் ‘புஸ்’ என்று கேட்டால் இன்லெட், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட். ஹெட்டைக் கழற்றி வால்வ் தேய்க்கும் வேலை. முன்பின் செய்ததில்லை என்றால் இது மெக்கானிக் கைக்குப் போவதே நல்லது.

இன்னொரு கிளையும் உண்டு. கிக்கர் இறங்குகிறது, ஆனால் பிஸ்டனே நகரவில்லை. அப்படியானால் கிளட்ச் வழுக்குகிறது. புல்லட்டில் கிக்கரின் பலம் கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. கிளட்ச் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளேட்டைக் கழற்றுவது அதற்கு அப்புறம்.

அறிகுறி 3: எஞ்சின் சுற்றுகிறது, ஹெட்டுக்கு ஆயில் ஏறவில்லை

இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. மாமா வண்டியை நான் கெடுத்தது இங்கேதான். நான்காவது கிக்கில் ஸ்டார்ட் ஆனது. வீடே வெளியே வந்து கைதட்டியது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழெட்டு நிமிஷம் ஓடவிட்டேன். எட்டாவது நிமிஷம் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். பிக் எண்ட், அதாவது பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் மூட்டு, போய்விட்டது. அந்தக் காலத்து புல்லட்டில் பிக் எண்ட்டில் இருப்பது புஷ். ஆயில் படலம் இல்லாமல் அது தாங்காது.

செய்முறை இதுதான். புது ஆயிலைக் குச்சியின் மேல் கோடு வரை ஊற்றுங்கள். ஏறக்குறைய இரண்டு லிட்டர் பிடிக்கும். ஆயில் ஃபில்டரைப் புதிதாக மாற்றுங்கள். பிளக் வெளியே, சாவி ஆஃப். ஹெட்டுக்குப் போகும் வெளி ஆயில் பைப்பின் மேல்முனை போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். இப்போது நிதானமாக மிதியுங்கள். ஐம்பது மிதிக்குக் கால் வலித்தால் டாப் கியரில் சக்கரத்தைக் கையால் சுற்றலாம். தளர்த்திய இடத்தில் ஆயில் கசிய வேண்டும். கசியும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது, யார் சொன்னாலும்.

கசியவில்லை என்றால், மலிவான காரணத்திலிருந்து வரிசையாக:

ஃபில்டரைத் தலைகீழாகவோ, வாஷர் இல்லாமலோ மாட்டியிருக்கலாம். பாதிப் பேர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்.

வெளி பைப் கசடால் அடைத்திருக்கலாம். கழற்றி, டீசலில் ஊறவைத்து, காற்று அடியுங்கள்.

பம்ப் காய்ந்து உறிஞ்சாமல் இருக்கலாம். பம்ப் மூடியைத் திறந்து, அறையை ஆயிலால் நிரப்பி மூடி, மறுபடி மிதித்துப் பாருங்கள்.

டைமிங் மூடியில், கிராங்க்குக்கு ஆயில் போகும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். காய்ந்து சுருங்கிவிடும், முன்னால் பிரித்த மெக்கானிக் போடாமலே விட்டதையும் பார்த்திருக்கிறேன். அது இல்லையென்றால் ஆயில் பிக் எண்ட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே வழிந்துவிடும். இதில் மோசமான விஷயம், ஹெட்டில் ஆயில் வரும், பிக் எண்ட் காய்ந்தே இருக்கும். அதனால் டைமிங் மூடியை எதற்காகத் திறந்தாலும் இந்த சீலைப் புதிதாகப் போட்டுத்தான் மூட வேண்டும்.

கடைசியாக, பம்ப்பைச் சுற்றும் வோர்ம் நட். அதன் மரை இடது மரை. தெரியாமல் வழக்கமான திசையில் கழற்றப் பார்ப்பவர் அதை இன்னும் இறுக்கி உடைப்பார். அதைத் தொடும் நிலை வந்தால் புல்லட் மட்டுமே பார்க்கும் மெக்கானிக்கைத் தேடிப் போய்விடுங்கள்.

அறிகுறி 4: தீப்பொறி இல்லை

பிளக்கை வயரில் மாட்டி, ஹெட்டின் துடுப்பில் வைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். துளைக்குப் பக்கத்தில் வைத்தால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். சாவியைப் போட்டு மிதியுங்கள். நீலமாகச் சொடுக்க வேண்டும். மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் அது இல்லாத கணக்குதான்.

இந்த வண்டியில் மீட்டர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, ஹெட்லைட் கூட்டிலேயே மின்னோட்டம் காட்டும் ஒரு ஆம்மீட்டர் இருக்கிறது. சாவியைப் போட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும், திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும்.

*முள் அசையவே இல்லை.* பேட்டரியில் தொடங்குங்கள். பல வருஷம் நின்ற பேட்டரிக்கு சார்ஜ் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், புதுசு வாங்குங்கள். வாங்கும் முன் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பல்பிலும் காயிலிலும் எழுதியிருப்பதைப் பாருங்கள். 6 வோல்ட் காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது சீக்கிரமே வெந்துவிடும். அப்புறம் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச். டெஸ்ட் லேம்ப்பின் ஒரு வயரை எஞ்சின் உடம்பில் வைத்து, மற்றதைக் காயிலின் முனையில் வையுங்கள். பாயிண்ட் திறந்திருக்கும்போது எரிந்தால் மின்சாரம் காயில் வரை வருகிறது; குற்றவாளி பாயிண்ட் பூத்திருப்பது. நைஸ் உப்புத்தாளை மடித்து நாலு தேய்ப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்தாளை நடுவில் விட்டு இழுங்கள். தாளில் கறுப்பு வருவது நிற்கும் வரை இழுக்க வேண்டும். உப்புத்தாள் தூள் அங்கேயே கிடந்தால் மறுபடி அதே கதை. பல வருஷம் நின்ற வண்டிகளில் தீப்பொறி இல்லை என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு தேய்ப்பிலேயே சரியானவை.

*முள் மைனஸிலேயே நிற்கிறது, திரும்பவில்லை.* பாயிண்ட் திறப்பதில்லை. இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். கேமின் மேட்டில் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். இடைவெளி சரி, முள் அப்படியே நிற்கிறது என்றால், பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரின் வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் திரும்பினால் கண்டென்சர் ஷார்ட். இல்லையென்றால் பாயிண்ட்டுக்குப் போகும் வயர் எங்கோ தோல் உரிந்து உடம்பில் படுகிறது. ஒரு எச்சரிக்கை: முள் மைனஸில் இருக்கும்போது சாவியை ஆனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். காயில் சூடாகும், பேட்டரி இறங்கும்.

*முள் ஒழுங்காக ஆடுகிறது, தீப்பொறி மட்டும் இல்லை.* பிளக் மாற்றுங்கள், இடைவெளி ஏறக்குறைய அரை மி.மீ. அதன்பின் பிளக் கேப்பைக் கழற்றி வயரின் நுனியையே ஹெட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கையில் காய்ந்த மரக்கிளிப் இருக்கட்டும், வெறும் விரலால் பிடித்தால் பாடம் கிடைக்கும். வயரில் பொறி வந்தால் கேப் கெட்டது. வரவில்லை என்றால் பாயிண்ட்டைப் பாருங்கள்: அங்கே பளிச் பளிச் என்று பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. கண்டென்சர் மாற்றியும் வராவிட்டால்தான் காயில். காயிலை முதலில் மாற்றச் சொல்பவரிடம் பணம் நிறைய இருக்கிறது என்று அர்த்தம், உங்கள் பணம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு உதிரிபாகம் வாங்க ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கவே இருக்கின்றன. பழைய கண்டென்சர் கிடைத்தால் விடாமல் வாங்குங்கள் என்பார்கள். நான் புதுசு இரண்டு வாங்கி, இரண்டையும் வண்டியில் மாட்டிச் சோதித்துவிட்டு, ஒன்றை டூல்பாக்ஸில் போட்டு வைப்பேன். புதிது என்பதாலேயே நல்லது என்று நம்பி இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

அறிகுறி 5: தீப்பொறி இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

இதற்குள் போகும் முன் கிக் அடிக்கும் முறையைச் சரிபாருங்கள். சாவியைப் போட்டு, கிக்கரைக் கனம் தட்டும் வரை மெதுவாக அழுத்துங்கள். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். டீகம்ப்ரஷரை இழுத்து இன்னும் ஒரு துளி அழுத்துங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கும் ஒரே மிதி. எட்டி உதைப்பது யமஹாவுக்கு. இதற்கு உடம்பு எடையை இறக்க வேண்டும்.

பத்து மிதிக்கும் அசையவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

*பிளக் காய்ந்திருக்கிறது.* பெட்ரோல் வரவில்லை. கார்பரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். ஒழுகாமல் சொட்டினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஒழுகினால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. இல்லையென்றால் பெட்ரோல் டேப்பின் ஜல்லடையில் துரு. டேங்க்குக்குள் துரு உதிர்கிறது என்றால் டேப்பைச் சுத்தம் செய்வது ஒருநாள் வைத்தியம்தான். டேங்க்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் இரண்டு பிடி ஜல்லியும் போட்டுக் குலுக்க வேண்டும். போட்ட ஜல்லியை எண்ணிப் போடுங்கள். எண்ணிக்கை சரியாக வெளியே வந்ததும் உடனே பெட்ரோலால் அலசிக் காயவையுங்கள். குழாய் ஒழுகுகிறது, பிளக் மட்டும் காய்ந்திருக்கிறது என்றால் கார்பரேட்டரின் அடிக்கப்பைக் கழற்றுங்கள். உள்ளே பச்சையாகவும் பழுப்பாகவும் பிசின் படிந்திருக்கும். ஜெட்டை எல்லாம் தின்னரில் ஒரு இரவு ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குத்த வேண்டுமானால் ஒற்றை இழை செப்பு வயர் போதும். ஊசி போட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த ஜெட் எதற்கும் உதவாது.

*பிளக் நனைந்திருக்கிறது.* பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. டேப்பை மூடி, ரேஸை முழுக்கத் திருப்பி, டீகம்ப்ரஷரை இழுத்துக்கொண்டு பத்து மிதி மிதித்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். உலர்ந்த பிளக் மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நனைந்தால் ஃப்ளோட் ஊசி ஒட்டியிருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. மிதிக்கும்போது சைலன்சர் வாயில் கை வைத்துப் பாருங்கள். மூச்சு வரவில்லை என்றால் டார்ச்சுக்குத் தெரியாத ஆழத்தில் குளவி வீடு கட்டியிருக்கிறது.

*கிக்கர் திருப்பி அடிக்கிறது, அல்லது கார்பரேட்டர் வழியே வெடிக்கிறது.* உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். திருப்பி அடித்த கிக்கர் என் கணுக்காலைப் பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னால் போயிருக்கிறது. பாயிண்ட் தட்டுக்குக் கீழே, வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸ் எடைக்கற்கள் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே நின்றிருப்பது நின்ற வண்டிகளுக்கே உரிய வியாதி. கேமை விரலால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் அதை இழுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வரவில்லை என்றால் கழற்றி, சுத்தம் செய்து, ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். பிறகு டைமிங் பாருங்கள்: பாயிண்டுக்கு நடுவே சிகரெட் அட்டையின் மெல்லிய தாளை வைத்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றினால், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வர ஒரு மி.மீ.க்கும் குறைவாக இருக்கும்போது தாள் விடுபட வேண்டும். ஸ்ட்ரா வைத்து இதை உத்தேசமாகத்தான் பார்க்க முடியும். உத்தேசமாக வைத்தபிறகும் திருப்பி அடித்தால் மெக்கானிக்கிடம் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 6: சோக்கில் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நிற்கிறது

பைலட் ஜெட், ரேஸ் கொடுக்காதபோது பெட்ரோல் தரும் சின்ன ஜெட். கிட்டத்தட்ட எப்போதும் அதுவேதான். ‘கார்பரேட்டர் கிளீன் பண்ணியாச்சு’ என்பவர் பெரிய ஜெட்டை மட்டும் கிளீன் பண்ணியிருப்பார். மறுபடி கழற்றுங்கள். ஏர் ஸ்க்ரூவை உள்ளே தொடும் வரை மெல்லத் திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று உறிஞ்சுகிறது. ஓடும் எஞ்சினில் அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். சத்தம் மாறினால் கேஸ்கெட் மாற்ற வேண்டும். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய ரப்பர் குழாயும் வாஷரும் ஊறிப் பருத்துவிடுகின்றன. எல்லா ரப்பரையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது பின்னால் தலைவலியைக் குறைக்கும். நிறுத்தும்போது டேப்பை மூடிக் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

அறிகுறி 7: பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடி, சூடானதும் நிற்கிறது

நின்ற இடத்திலேயே பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆறவைத்தால் எல்லாம் நல்லதாகிவிடும், மெக்கானிக் ‘ஓடுதே சார்’ என்பார். நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் மூடித்துளை. கேட்கவில்லை என்றால் உடனே பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பாருங்கள். சூட்டில் பொறி போனால் கண்டென்சர் முதலில், காயில் அடுத்து. டூல்பாக்ஸில் இருக்கும் கண்டென்சருக்கு இப்போதுதான் வேலை.

பொறியும் பெட்ரோலும் இருக்கின்றன, கம்ப்ரஷன் மட்டும் இல்லை என்றால் டேப்பட்டை இறுக்கிவைத்திருக்கிறீர்கள். கம்ப்ரஷன் இருக்கிறது, ஆனால் எஞ்சின் மிதிக்கக் கனமாக இருக்கிறது என்றால் பிஸ்டன் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

அறிகுறி 8: புகை

முதல் ஸ்டார்ட்டில் தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும். சிலிண்டரில் ஊற்றிய ஆயில், கிராங்க் அறையில் தேங்கிய ஆயில் எல்லாம் எரிகிறது. பத்து நிமிஷத்தில் குறைய வேண்டும். கறுப்பாக வந்தால் சோக்கை மறந்திருக்கிறீர்கள். நீலம் குறையவே இல்லை என்றால் ஆயில் குச்சியைப் பாருங்கள். தொட்டியில் வேகமாகக் குறைந்தால், ஆயிலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்ப் கிராங்க் அறையிலிருந்து இழுக்கவில்லை. ரேஸை விட்டு மறுபடி கொடுக்கும்போது மட்டும் நீலம் வந்தால் வால்வ் கைடு. ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். அதையும் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

அறிகுறி 9: சத்தம்

மேலே, சீராக, டைப்ரைட்டர் தட்டுவதுபோல் கேட்டால் டேப்பட். ஓட்டலாம். ஆறியிருக்கும்போது ‘களக் களக்’ என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் தளர்வு. இதையும் ஓட்டலாம், காதுக்குத்தான் கஷ்டம். அடியிலிருந்து, ரேஸ் கொடுத்துக் கையை விடும் நொடியில் ‘டொக் டொக்’ என்று கனமாகக் கேட்டால் அது பிக் எண்ட். சாவியை ஆஃப் செய்யுங்கள். இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து யாருக்கும் கேட்டுக் காட்டாதீர்கள், மெக்கானிக்குக்கூட. கிராங்க்கைப் பிரித்து, பின்னும் புஷ்ஷும் மாற்றி, இரண்டு ஃபிளைவீலையும் நேராக்கித் தரும் பட்டறை ஒரு ஊரில் ஒன்று இருந்தால் அதிகம். விசாரித்து அங்கேயே கொண்டுபோங்கள். கழற்றிய பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றியதற்குச் சாட்சி அதுதான்.

சத்தமே இல்லாமல் ஓடும் வண்டிக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் 50 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வெள்ளைத் தட்டில் வடியுங்கள். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பும் பழுப்பும் கசடு, கவலை இல்லை. ஃபில்டரையும் கழற்றி மாற்றி, புது ஆயில் ஊற்றி ஓட்டலாம். தங்கப்பொடி போலவோ வெள்ளிப்பொடி போலவோ மினுக்கினால் எதையும் ஊற்ற வேண்டாம். தட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு அந்தக் கிராங்க் பட்டறைக்குப் போங்கள்.